வடிவம்மாவின் இடது கன்னம்

கோப்பி நன்றாக இருக்கிறது, முதலியார் ஐயா. இந்த மலைநாட்டில் எங்கே திரும்பினாலும் கோப்பிச் செடிதான். ஆனால் நல்ல கோப்பி ஒரு வாய் குடிக்க வேண்டுமென்றால் கண்டிக் கோர்ட்டில் குற்றவாளியாக வந்து உட்கார வேண்டியிருக்கிறது. நல்ல கொட்டையெல்லாம் கப்பலேறிப் போய்விடுகிறது. எங்களுக்கு வருவது களத்தில் கூட்டி அள்ளிய கழிவு.

நீதவான் துரை சாப்பிட்டு வருவதற்குள் சொல்லிவிடு என்கிறீர்கள். சொல்கிறேன். நீங்கள் அதை இங்கிலீஷில் அவருக்குச் சொல்ல வேண்டும், ஆகையால் நிதானமாகவே சொல்கிறேன். மறைக்க ஒன்றும் இல்லை. நான் செய்த ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. கேட்டால் நீங்களே தலையாட்டுவீர்கள்.

பெயர் மூக்கையா. இராமநாதபுரத்துப் பக்கம், குயவர் குடும்பம். மன்னாரில் இறங்கிக் காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்து, கோப்பி பறிக்க வந்தவர்களில் நானும் ஒருவன். வழியில் விழுந்தவர்கள் பலர். நான் விழவில்லை. தோட்டத்துக்கு வந்த பிறகுதான் கோப்பி பறிப்பது நாள் முழுக்கச் சரிவில் நின்று செய்கிற வேலை என்று தெரிந்தது. என் உடம்பு அதற்கு உண்டானதில்லை.

அந்தச் சமயம் நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்தில் ஒருவனுக்கு இடுப்பைச் சுற்றி அக்கி வந்தது. நெருப்புப் பட்டது போல வரிசையாகக் கொப்புளம் போடும், நீங்களும் பார்த்திருப்பீர்கள். எங்கள் ஊரில் அக்கிக்குக் குயவனிடம்தான் போவார்கள். காவிக்கல்லைத் தண்ணீரில் உரைத்து, கோழி இறகால் தொட்டு, கொப்புளத்தின் மேல் கோடு கோடாக எழுதி மந்திரம் சொல்ல வேண்டும். என் தகப்பனார் எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். மந்திரம் முழுதாகத் தெரியாது. தெரிந்த ஒரு வரியையே பல குரலில் சொன்னேன். கொப்புளம் காய்ந்தது. அன்றோடு நான் கோப்பிக் கூடையை இறக்கி வைத்தேன்.

உங்களிடம் உண்மையைச் சொல்வதில் கூச்சமில்லை. அக்கி எழுதினாலும் காயும், எழுதாவிட்டாலும் காயும். இது எனக்கு ஆரம்பத்திலேயே தெரியும். மழை எப்படியும் பெய்யத்தான் போகிறது, முன்னால் நின்று கையைத் தூக்குகிறவனுக்குப் பெயர் வருகிறது. அதில் யாருக்கு நஷ்டம்? நோயாளிக்கு ஒரு தைரியம். எனக்கு ஒரு மரியாதை.

மரியாதை கொஞ்சநஞ்சமில்லை. கம்பளைக்கு மேலே ஒரு தோட்டத்துத் துரைக்கு விலாவில் அக்கி வந்தது. மிஷன் கோயிலுக்குத் தவறாமல் போகிற மனிதர். அவர் ஜன்னல்களையெல்லாம் சாத்தச் சொல்லிவிட்டு, சட்டையைக் கழற்றி, என் கோழி இறகுக்கு முன்னால் குழந்தை மாதிரிக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். காய்ந்ததும் யாரிடமும் சொல்லாதே என்று தன் பழைய கறுப்புக் கோட்டைக் கொடுத்தார். நான் யாரிடமும் சொல்லவில்லை. கோட்டை மட்டும் தினமும் போட்டுக்கொண்டேன். கேட்டவர்களிடம் சிரித்தேன். அது போதுமாக இருந்தது. கண்டிக் கடைவீதியில் துணிக்கடைக்காரர்கூட எழுந்து, "வாங்க வைத்தியரே" என்று கதிரையை நகர்த்திப் போடுவார்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் வடிவம்மா வந்தாள்.

கெலிஓயாவில் ரோட்டோரமாக அவளுக்குச் சோற்றுக்கடை. புருஷன் காலராவில் போய்விட்டான். மகள் அழகம்மாவும் மருமகனும் கூட இருந்தார்கள். கம்பளைப் பக்கத்திலிருந்து கோப்பி மூட்டை ஏற்றி வரும் வண்டிகளெல்லாம் பேராதனை ஸ்டேஷனுக்குப் போகுமுன் அங்கேதான் மாட்டை அவிழ்க்கும். அவள் குழம்புக்காக நிறுத்தினார்கள் என்று சொல்வார்கள். என்னைக் கேட்டால் அவள் வாய்க்காகத்தான் நிறுத்தினார்கள். எந்தத் துரை குதிரையிலிருந்து விழுந்தார், எந்தக் கங்காணி யாருக்குப் பயந்து ஒளிந்தான், எல்லாம் அவள் கடையில் சோறோடு பரிமாறப்படும். காலையில் அங்கே சொன்னது பொழுது சாயுமுன் கண்டியில் இருக்கும், மறுநாள் நாவலப்பிட்டியில் இருக்கும். இதை நன்றாக மனதில் வையுங்கள். நான் ஒரு பெண்பிள்ளைக்குப் பயந்தேன் என்று துரை நினைத்துவிடக் கூடாது. அவள் வெறும் பெண்பிள்ளை இல்லை, அவள் ஒரு தபாலாபீஸ்.

அவளுக்கு முகத்தில் அக்கி வந்தது. இடது நெற்றி, கண் இமை, கன்னம். கண் மூடிப்போய் முகம் பூசணிக்காய் மாதிரி வீங்கிக் கிடந்தாள். நான் போய் எழுதினேன். நல்ல எழுத்து. வண்டிக்காரர்கள் எல்லாரும் சுற்றி நின்று பார்த்தார்கள். வழக்கம்போலக் கொப்புளம் காய்ந்து பொருக்கு உதிர்ந்தது, கண் திறந்தது, தழும்பு மட்டும் வெளுத்து நின்றது. அவளே எல்லாருக்கும் பாயசம் வைத்தாள். என் கணக்கில் அந்த நோய் அன்றோடு முடிந்தது.

அவள் கணக்கில் முடியவில்லை.

"கொப்புளம் போயிடுச்சுங்க வைத்தியரே. ஆனா அது இருந்த வீட்டுல வேற யாரோ குடிவந்துட்டாங்க" என்றாள்.

எப்படி வலிக்கிறது என்று கேட்டேன். ஊசியைக் காய்ச்சி உள்ளேயிருந்து வெளியே குத்துகிற மாதிரி என்றாள். சில நேரம் எறும்பு ஊர்கிற மாதிரி, சில நேரம் மின்னல் மாதிரி. சீலைத் தலைப்பு பட்டால் வலி. ஒரு மயிர் பறந்து கன்னத்தில் விழுந்தால் வலி. அழுத்திப் பிடித்தால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், மெல்லத் தொட்டால்தான் உயிர் போகிறது என்றாள். மகாவலி ஆற்றுப் பக்கமிருந்து காற்று எழுந்தால் முகத்தைச் சுவரோடு திருப்பிக்கொள்வாள். தலையின் இடது பாதியை வாரவே மாட்டாள், அந்தப் பக்கம் சடை விழுந்து போயிற்று. சோற்றை வலப்பக்கத்துக் கடைவாயில் ஒதுக்கி மென்றாள். பேசும்போதும் வலித்தது. ஆனால் பேச்சை மட்டும் நிறுத்தவில்லை, அதுதான் சங்கடம்.

நான் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். "அக்கா, பொறுத்துக்குங்க, போகப்போகச் சரியாயிரும்" என்றேன். மாதங்கள் போயின. பிறகு, "அக்கா, அது மனசுல இருக்குற வலி, நெனைக்காம இருங்க" என்றேன். அதற்கு அவள் சோற்றகப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

"நான் தூங்கும்போது நெனைக்கிறதில்லையே வைத்தியரே. பெறகு எப்புடி அது என்னைய எழுப்புது?"

வண்டிக்காரர்கள் சிரித்தார்கள். அவர்களுக்கு முன்னால்தான் கேட்டாள்.

நான் கை கட்டி இருக்கவில்லை, ஐயா. கைவிடாமல் வைத்தியம் பார்த்தேன், அதையும் துரையிடம் சொல்லுங்கள். பொட்டில் அட்டை விட்டேன். வேப்பிலையும் மஞ்சளும் புகை போட்டேன். சேங்கொட்டை எண்ணெய் தடவினேன், அது தோலைப் புண்ணாக்கிவிட்டது. கடைசியில் காதுக்குப் பின்னால் இரும்பைக் காய்ச்சிச் சுட்டேன். நான்கு பேர் பிடிக்க வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். யாரும் வேண்டாம் என்று அம்மிக்கல்லைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். கத்தவில்லை. முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இப்ப ரெண்டு எடத்துல வலிக்குதுங்க" என்றாள்.

இந்தச் சொல் ரோட்டோடு ஓடியது. அச்சு முறிந்த வண்டிக்கு எவனாவது கயிற்றைச் சுற்றி ஒப்பேற்றினால், "என்னடா, மூக்கையா வைத்தியமா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். புசல்லாவையில் ஒரு கங்காணிக்கு அக்கி வந்தபோது என்னைக் கூப்பிடவில்லை. கண்டியில் துணிக்கடைக்காரர் எழுந்திருக்காமல், "என்ன வைத்தியரே, கெலிஓயாவுல எப்புடி இருக்காங்க?" என்று உட்கார்ந்தபடியே விசாரித்தார். அவர் கேட்டது அவள் சுகத்தை. எனக்குக் கேட்டது வேறு.

யோசித்துப் பாருங்கள். நூற்றுக்கணக்கான பேருக்கு எழுதியிருக்கிறேன். எல்லாருக்கும் காய்ந்தது. ஒரே ஒருத்தியின் ஒரே ஒரு கன்னம் என் பெயரைத் தின்றுகொண்டிருந்தது.

அப்புறம் அவள் கண்டி ஆஸ்பத்திரிக்குப் போனாள். மருமகன் வண்டியில் கூட்டிப் போனான். அங்கே ஒரு வெள்ளைக்கார டாக்டர், அவருக்குப் பக்கத்தில் மருந்து கலக்கிக் கொடுக்கிற, தமிழ் பேசுகிற ஒரு டிஸ்பென்சர். டாக்டர் முகத்தைத் தொடாமலே பார்த்தாராம். அக்கி போன பிறகும் நரம்பு அதை மறக்காமல் கிடக்கிறது, சிலருக்கு வருஷக்கணக்கில் இருக்கும், முழுக்கப் போகும் என்று என்னால் சொல்ல முடியாது, குறைக்கப் பார்க்கிறேன் என்றாராம். அபின் கலந்த கறுப்புத் திரவ மருந்து ஒரு சின்னப் போத்தலில் கொடுத்தார். சொட்டுக் கணக்காகத் தண்ணீரில் விட்டுக் குடிக்க வேண்டும்.

குறைந்தது. இதை நான் மறுக்கவில்லை. அன்று இரவு தூங்கினாள், மறுநாள் நானே பார்த்தேன், அழகம்மா அவள் தலையின் இடப்பக்கச் சடையை விரலால் பிரித்துக்கொண்டிருந்தாள். வடிவம்மா கண்ணை மூடிக்கொண்டு, வலிக்கிறதா இல்லையா என்று காது கொடுத்துக் கேட்கிறவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். வண்டிக்காரர்களிடமெல்லாம் டாக்டர் புராணம்தான். "அந்த மனுசன் குணமாக்கிருவேன்னு ஒரு வார்த்த சொல்லல. அதான் எனக்கு நம்பிக்க வந்துச்சு" என்றாள்.

இதில் இருக்கிற அநியாயம் உங்களுக்குப் புரிகிறதா, முதலியார் ஐயா? குணமாக்கிவிட்டேன் என்று சொன்ன நான் கேலிக்கு ஆளானேன். குணமாக்க முடியாது என்று சொன்னவருக்குக் கும்பிடு. இங்கிலீஷ் வைத்தியத்தின் சூட்சுமம் இவ்வளவுதான் என்று தெரிந்திருந்தால் நானும் முதலிலேயே கையை விரித்திருப்பேன்.

போத்தலை மாற்றியது நான்தான். சில வாரங்கள் கழித்து நலம் விசாரிக்கப் போனேன். அவள் அடுப்படியில் இருந்தாள், போத்தல் மாடத்தில் இருந்தது. இருந்ததைக் கொட்டிவிட்டு, கடுக்காய்க் கஷாயத்தில் கருப்பட்டி கரைத்து ஊற்றி வைத்தேன். நிறம் ஒன்றுதான். கசப்பு துவர்ப்பு வித்தியாசம் பார்க்கிற நிலையில் அவள் நாக்கு இல்லை. டாக்டர் மறுபடி கொடுத்தார், கூட்டிக் கொடுத்தார். நான் மறுபடி போனேன். எனக்கு அவள்மேல் ஒரு கோபமும் கிடையாது. டாக்டர் மருந்தும் பலிக்காது என்று ஊருக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். இது ஒரு நியாயமான போட்டி.

வலி திரும்பி வந்தபோது முன்னைவிட மோசமாக வந்தது. அபின் பழகிய உடம்பு அது இல்லாமல் தவிக்கும் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. வியர்த்தாள், நடுங்கினாள், வயிற்றால் போயிற்று. கடையை அழகம்மா பார்த்துக்கொண்டாள். வடிவம்மா உள்ளே வலது கன்னத்தை ஈரத் தரையில் வைத்துப் படுத்துக் கிடந்தாள். வண்டிக்காரர்கள் இப்போது சிரிக்கவில்லை. மெதுவாகப் பேசினார்கள், சத்தமில்லாமல் கை கழுவினார்கள்.

அழகம்மா என் வீட்டுக்கே வந்தாள். "வைத்தியரய்யா, அம்மா சாகுறதுக்கு மருந்து கேக்குதுங்க. டாக்டரு மருந்தும் கேக்கல. நீங்கதான் ஏதாவது பண்ணணும்" என்று காலைத் தொட்டாள். எனக்கு மனது நிறைந்தது என்று சொன்னால் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இவ்வளவு நாள் கழித்து, வர வேண்டிய இடத்துக்கு வந்திருந்தார்கள்.

போனேன். அவளுக்கு ஒரு வழியும் காட்டினேன். இதைத் துரையிடம் கட்டாயம் சொல்லுங்கள், ஏனென்றால் என்னைக் கல்நெஞ்சன் என்று டிஸ்பென்சர் சாட்சி சொல்லியிருக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்து, "அக்கா, நாளைக்கு வண்டிக்காரங்க வரும்போது வலி போயிடுச்சுன்னு ஒரு வார்த்த சொல்லிருங்க. வாயால சொன்னா மனசு கேக்கும், மனசு கேட்டா வலி போயிரும்" என்றேன். அவள் அப்படிச் சொல்லியிருந்தால் அன்றே போத்தலில் கைவைப்பதை நிறுத்தியிருப்பேன். டாக்டர் மருந்து அவளுக்கு, வார்த்தை எனக்கு. இரண்டு பேருக்கும் நல்லது.

அவள் தரையிலிருந்து முகத்தை எடுக்காமலே சொன்னாள். "வலிக்கிறத வலிக்குதுன்னு சொல்றது ஒண்ணுதான் என் கையில மிஞ்சிருக்கு. அதையும் கேக்குறீங்களே, தம்பி."

என்னைத் தம்பி என்று அவள் கூப்பிட்டது அது ஒரே தடவை. எழுந்து வந்துவிட்டேன்.

நாபி என்ற விஷக் கிழங்கு பற்றி எனக்கு மாத்தளையில் ஒரு சித்த வைத்தியர் சொல்லியிருந்தார். முறைப்படி சுத்தி செய்து, அதாவது விஷத்தை முறித்து, கடுகளவு கொடுத்தால் வலியை மழுக்கும். சுத்தி செய்யாமல் கொடுத்தால் முதலில் வலி போகும், பிறகு மற்றதெல்லாம் போகும். சுத்தி செய்யத் தெரியாதா என்று பிற்பாடு டாக்டர் என்னைக் கேட்டார். தெரியும். நாள் எடுக்கும், பலனும் அரைகுறையாகத்தான் இருக்கும். கொஞ்ச நாள் நன்றாக இருப்பாள், பிறகு ஒரு காலைப் பொழுதில், வண்டிகள் நிறைந்திருக்கும்போது, மறுபடி வலிக்கிறது என்பாள். அந்த வாயை எனக்குத் தெரியும்.

தேனில் குழைத்து எடுத்துப் போனேன். வெயில் ஏறிய நேரம். பழனியாண்டி என்ற வண்டிக்காரன் மட்டும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான். வடிவம்மா மருந்து என்னவென்று கேட்கவில்லை. கையை நீட்டி வாங்கி நக்கினாள்.

கொஞ்ச நேரத்தில் உதடு விறுவிறுக்கிறது என்றாள். பிறகு நாக்கு தடித்தது மாதிரி இருக்கிறது என்றாள். கை மெல்ல எழுந்து இடது கன்னத்துப் பக்கம் போயிற்று, பாதியில் நின்றது, பழக்கதோஷம். அப்புறம் தொட்டாள். விரல் நுனியால், பிறகு உள்ளங்கையால். இமையைத் தடவினாள், நெற்றியைத் தடவினாள். சீலைத் தலைப்பை எடுத்து முகம் முழுக்க அழுத்தித் துடைத்தாள்.

"அழகு, இங்க வா. வந்து தொட்டுப் பாரு" என்றாள்.

அழகம்மா பயந்துகொண்டே தொட்டாள். தாயும் மகளும் ஒருவர் கன்னத்தை ஒருவர் பிடித்துக்கொண்டு அழுதார்கள். எனக்கே கண் கலங்கியது. வடிவம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்து, காற்றில் முகத்தை நீட்டி நின்றாள். அந்தத் தடித்த நாக்கோடு ரோட்டைப் பார்த்துச் சொன்னாள்: "பழனியாண்டி, வைத்தியரு குணமாக்கிட்டாரு. எல்லார்கிட்டயும் சொல்லு."

பழனியாண்டி இன்று சாட்சிக்கு வந்து வெளியே உட்கார்ந்திருக்கிறான். அவனைக் கேளுங்கள், இதே வார்த்தையைச் சொல்வான்.

அப்புறம் வாந்தி எடுத்தாள். கை கால் சில்லிட்டது. நெஞ்சு துள்ளுகிறது என்றாள். அழகம்மா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவோம் என்று கத்தினாள். பழனியாண்டி சொல்லாமலே மூட்டைகளைக் கீழே தள்ளிவிட்டு மாட்டைப் பூட்டினான். நான்தான் தடுத்தேன். "வெசம் வெளிய வருது, இப்ப அசைச்சா உள்ளயே நின்னுரும்" என்றேன். கேட்டுக்கொண்டார்கள். ஏன் கேட்க மாட்டார்கள்? சற்று முன்னால்தான் அவர்கள் கண்ணெதிரே குணமாக்கியிருந்தேன். பழனியாண்டி பூட்டிய மாட்டை அவிழ்க்காமல் நுகத்தைப் பிடித்தபடியே நின்றான். அந்த நேரத்தில் டாக்டர் கைக்குப் போயிருந்தால் ஒருவேளை பிழைத்திருப்பாள். பிழைத்திருந்தால் டாக்டர் குணமாக்கினார் என்றுதான் ஊர் பேசும்.

கம்பளை வண்டிகள் வந்து சேர்வதற்குள் முடிந்துவிட்டது. நான் கோட்டைக் கழற்றி அவள்மேல் போர்த்தினேன்.

என்னை யாரும் சந்தேகப்படவில்லை, ஐயா. அடக்கத்தன்று எல்லாரும், வலி போன சந்தோஷத்தைப் பார்த்துவிட்டுத்தான் போனாள் புண்ணியவதி என்றார்கள். மாட்டிவிட்டது அந்த டாக்டர்தான். டிஸ்பென்சரைக் கூட்டிக்கொண்டு கெலிஓயாக் கடைக்கே வந்து, என்னையும் அங்கே அழைத்தார். என்னைக் கதிரையில் உட்காரச் சொல்லி, அந்த அம்மாவின் முகவலி உங்கள் மருந்தில் முழுக்கப் போயிற்றாமே, என்னால் முடியவில்லை, என்ன கொடுத்தீர்கள் என்று எனக்கும் சொல்லித்தாருங்கள் என்றார். மரியாதையாகக் கேட்டார். ஒரு டாக்டர் என்னிடம் பாடம் கேட்டது அதுதான் முதல் தடவை. சொன்னேன். எவ்வளவு என்று கேட்டார், சொன்னேன். சுத்தி செய்தீர்களா என்று கேட்டார், இல்லை என்றேன். டிஸ்பென்சர் முகம் மாறியது. டாக்டர் முகம் மாறவில்லை. போத்தலைப் பற்றியும் அவர் கேட்டார். தொடர்ந்து கேட்கிறவருக்கு நடுவில் எப்படிப் பொய் சொல்வது?

அழகம்மா வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே போய், அந்தக் கறுப்புக் கோட்டை எடுத்து வந்து என் காலடியில் போட்டுவிட்டுப் போனாள்.

நீங்களும் இப்போது உங்கள் யாழ்ப்பாணத் தமிழில், "நீர் தெரிஞ்சுதான் குடுத்தனீரோ? அந்தச் சொல்லைச் சொல்லும்" என்கிறீர்கள். சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். டாக்டர் மருந்தைத் திருடிக் கொட்டியது நான். வடிவம்மா துடித்தது என்னால். சாவாள் என்று தெரிந்தே சுத்தி செய்யாத நாபியைக் கொடுத்தேன், காப்பாற்ற வந்த வண்டியையும் நிறுத்தினேன். கொன்றேன். இதில் எந்த வார்த்தையையும் நான் திரும்ப வாங்கப் போவதில்லை. துரை வருகிற சத்தம் கேட்கிறது. ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொள்வேன், முதலியார் ஐயா. அவள் முதலில் குணமானாள், பிறகுதான் செத்தாள். இங்கிலீஷில் சொல்லும்போது அந்த வரிசையை மட்டும் மாற்றிவிடாதீர்கள்.